விடுபட்ட போத்தல்

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிகளின் மேசைகளிலும், இக்காலத்திலே அவற்றினும் விரைவாகக் கைத்தொலைபேசித் திரைகளிலும், நம்முடைய பிள்ளைகள் மிகுந்த உற்சாகத்தோடு செய்தும் பார்த்தும் வருகின்ற சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிப் போத்தலொன்றிலே பச்சை இறைச்சித் துண்டை இட்டு, அது மூழ்கும்வரை கறுத்த மென்பானத்தை வார்த்து, ஓரிரு நாள் வைத்திருந்து, பின்னர் வெளிறி விளிம்பு பிய்ந்து கிடக்கும் அத்துண்டைக் குறட்டால் தூக்கிக் காட்டி, சோடா குடிப்பவர் வயிறும் இவ்வாறே ஆகும் என்று சொல்லி முடிப்பதே அச்சோதனை. பார்ப்பவர் முகஞ்சுளிக்கின்றனர், சில தாய்மார் அன்று முதல் வீட்டிலே சோடா வாங்குவதில்லை என்று சங்கற்பமும் செய்துகொள்கின்றனர். நோக்கம் நல்லது, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நோக்கம் நல்லதாயிருப்பதைக் கொண்டு நியாயமும் நல்லதாகிவிடாது; பிழையான நியாயத்தின்மேல் நிறுத்தப்பட்ட நல்ல முடிவு, அப்பிழையை எவரேனும் எடுத்துக்காட்டும் நாளிலே தானும் சேர்ந்து விழுந்துவிடும்.

இச்சோதனையிலே கண்ணாற் கண்டது யாது, கருதிக்கொண்டது யாது என்று பிரித்துப் பார்ப்போம். போத்தலில் இட்ட இறைச்சி நிறமும் பதமும் மாறிற்று என்பது காட்சி. அம்மாற்றத்துக்குக் காரணம் மென்பானமே என்பது முதலாவது அனுமானம். உயிருள்ள மனிதனின் வயிற்றிலும் அதுவே நிகழும் என்பது அவ்வனுமானத்தின் மேலேறி நிற்கும் இரண்டாவது அனுமானம். காட்சியிலே ஐயமில்லை, ஆனால் இரண்டு அனுமானங்களுக்கும் வேண்டிய சான்று அந்த மேசையிலே இல்லை.

சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதியைப் பாடங்கேட்ட நம் பெரியோருக்கு இவ்விடயம் புதிதன்று. மலையிலே புகை தோன்றக் கண்டு அங்கே நெருப்புண்டென்று கருதும் ஒருவன் தன் கருத்தை நிலைநாட்டுதற்கு இரண்டு திருட்டாந்தங்களைக் காட்டவேண்டும் என்பது நியாய நூலாரின் விதி. நெருப்பும் புகையும் உடனிருக்கும் அடுக்களை ஒன்று. நெருப்பின்மையாற் புகையும் இல்லாத மடு மற்றொன்று. உள்ளவிடத்து உண்டாதலை அன்னுவயம் என்றும், இல்லாதவிடத்து இல்லையாதலை வெதிரேகம் என்றும் அவர்கள் வழங்கினர். இவ்விரண்டிலே ஒன்று குறைந்தாலும் அனுமானம் ஐயத்துக்கு இடமாகும். மென்பானம் வார்த்த போத்தலை மாத்திரம் காட்டுகின்ற மாணாக்கர் அடுக்களையைக் காட்டி மடுவைக் காட்டாது விடுகின்றனர். அதே இறைச்சியை, அதே அளவிலே, அதே வெயிலிலே, வெறுந் தண்ணீரில் இட்ட இன்னொரு போத்தல் அருகிலே இருந்திருக்குமாயின், மாற்றத்தின் எந்தப் பங்கு மென்பானத்தைச் சார்ந்தது, எந்தப் பங்கு காலத்தையும் வெப்பத்தையும் கிருமிகளையும் சார்ந்தது என்பது அந்த நிமிடமே விளங்கியிருக்கும். இதனையே இன்றைய பாடநூல் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்கின்றது.

இறைச்சியைக் குடுவையிலே இட்டுச் சோதித்தல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமும் அன்று. இறைச்சியிலே புழு தானாகவே தோன்றும் என்று ஐரோப்பா முழுவதும் நம்பியிருந்த காலத்தில், 1668ஆம் ஆண்டிலே இத்தாலிய வைத்தியர் பிரான்செஸ்கோ ரெடி, குடுவைகள் சிலவற்றிலே இறைச்சியையும் மீனையும் இட்டுத் திறந்து வைத்தும், வேறு சிலவற்றிலே அவற்றையே இட்டு மூடி வைத்தும் பார்த்து, ஈ மொய்த்த குடுவையிலன்றி மூடிய குடுவையிலே புழு இல்லாமையைக் காட்டினார். அடுத்த நூற்றாண்டிலே லாசரோ ஸ்பல்லன்சானி, பறவையின் இரைப்பைச் சாற்றைக் கண்ணாடிக் குழாயிலே இறைச்சியோடு அடைத்து, உடற்சூடு நீங்காதபடி தம் கக்கத்திலேயே மூன்று நாள் இடுக்கி வைத்திருந்தார். ஒப்புநோக்குதற்காக வெறும் நீரிலும் இறைச்சியை இட்டார். சாற்றிலே கிடந்தது கரைந்தது. நீரிலே கிடந்தது நாற்றமெடுத்தது. கக்கத்திலே குழாயை இடுக்கிக்கொண்டு திரிந்த அப்பெருமகன் நீர்க்குழாயை மறக்கவில்லை என்பதை நம் மாணாக்கர் நெஞ்சிலே பதித்துக்கொள்ளவேண்டும்.

பின்னர், 1822ஆம் ஆண்டிலே துப்பாக்கிக் காயத்தால் வயிற்றிலே ஆறாத துவாரம் ஏற்பட்ட அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் வேலையாளிடத்திலே, வில்லியம் போமண்ட் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர், பட்டு நூலிலே கட்டிய இறைச்சித் துண்டுகளை அத்துவாரத்தின் வழியே இறக்கியும், அவ்வயிற்றுச் சாற்றையே வெளியே எடுத்துக் குப்பியிலிட்டும், இரண்டிடத்தும் நிகழ்வதைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டு 1833இலே நூலாக வெளியிட்டார். மூன்றாண்டுகளின் பின்னர் தியோடோர் ஸ்வான், இறைச்சியைக் கரைப்பது அமிலம் மாத்திரமன்று, அமிலத்தின் துணையோடு தொழிற்படும் பெப்சின் என்னும் பொருளே என்று கண்டறிந்தார். நம்முடைய வினாவுக்கு விடை பெரும்பாலும் இவ்விடத்திலேயே கிடைத்துவிடுகின்றது. மென்பானத்தில் அமிலம் உண்டு; பெப்சின் இல்லை. ஆதலால் இரண்டு நாளில் இறைச்சி முழுவதும் கரைந்து மறைந்துவிடும் என்று பரவியிருக்கும் கூற்று மெய்யாதல் இயலாது.

அங்ஙனமாயின் போத்தலினுள்ளே உண்மையாக நிகழ்வது யாது? கோலா வகை மென்பானத்தின் பீ.எச். பெறுமானம் ஏறக்குறைய 2.5, அந்தப் புளிப்பைத் தருவது பெரும்பாலும் பொசுபோரிக் அமிலம். எலுமிச்சைச் சுவையுள்ள பானங்களிலே சித்திரிக் அமிலம் அவ்விடத்தை வகிக்கின்றது. அறுத்த இறைச்சியின் பெறுமானம் ஏறக்குறைய 5.5. இத்தகைய புளிப்பிலே கிடக்கும் இறைச்சியின் புரதம் தன் மடிப்புக் குலைந்து வெண்மையாகின்றது. செந்நிறம் தரும் மயோகுளோபின் கபிலமாகின்றது. தசையைப் பிணைத்திருக்கும் கொலாஜன் நீரை ஏற்று ஊதித் தளர்கின்றது. மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலே எருமைப்பாலைச் சட்டியிலே உறைய வைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இதனை விளக்க நெடிய பிரசங்கம் வேண்டியதில்லை. பால் புளித்து 4.6 என்னும் நிலைக்கு இறங்கும்போது அதன் புரதம் திரண்டு தயிராவதும் இவ்வினத்து நிகழ்ச்சியே. உரித்த இறாலைத் தேசிக்காய்ப் புளியிலே ஊறவிட்டால், தீயையே காணாமல் அது வெளிறி இளஞ்சிவப்பேறி, அவித்ததுபோலத் தோன்றுவதையும் அடுக்களையிலே காணலாம். தேசிக்காய்ப் புளியின் அமிலத்தன்மை கோலாவினுடையதற்குக் குறைந்ததன்று. இறைச்சியை வெளிறச் செய்தமையையே குற்றமாகக் கொள்வோமாயின், மீன் கழுவ நம் தாய்மார் பிழியும் தேசிக்காயையும் அக்குற்றத்துக்கே ஆளாக்கவேண்டும்.

இன்னொரு விடயமும் உண்டு. பார்ப்பவரை வியப்பிலாழ்த்துவதும் அதுவே. வாவிக்கரையின் முப்பது பாகைக்கு மேற்பட்ட பகல் வெப்பத்திலே, தண்ணீரில் இட்ட கோழித்துண்டு ஒரே நாளிலே நாறத் தொடங்கும். மென்பானத்திலிட்ட துண்டோ அத்தனை விரைவாக நாறாது. 4.6இற்குக் கீழ்ப்பட்ட புளிப்பிலே அழுகலுக்குக் காரணமான பக்டீரியாக்கள் பெரும்பாலும் பெருக இயலாமையே காரணம். தென்னிலங்கைச் சிங்களக் கிராமத்தார் மீனைக் கொறுக்காய்ப் புளியிலே வேகவைத்து அம்புல் தியலாக்கிப் பல நாள் வைத்து உண்பதும் இவ்வுண்மையையே ஆதாரமாகக் கொண்டது. ஆகவே, நீர்ப்போத்தலையும் அருகில் வைத்தால், மென்பானத்திற் கிடந்ததினும் தண்ணீரிற் கிடந்ததே அருவருப்பாகத் தோன்றக்கூடும். அதனைக் கண்ட பிள்ளை, தண்ணீர் மென்பானத்தினும் கேடானது என்று முடிவு கட்டுமா? கட்டாது. அங்ஙனமாயின், மென்பானப் போத்தலை மாத்திரம் வைத்து மறுதலையான முடிவைக் கட்டுதலும் ஆகாது.

இனி, இச்சோதனையைக் கைவிடும்படி நாம் சொல்கின்றோமா? இல்லை, முறையாகச் செய்யும்படி வேண்டுகின்றோம். ஏழு போத்தல்கள் போதும். ஒன்றிலே கொதித்தாறிய நீர், இரண்டாவதிலே நூறு மில்லிலீற்றருக்குப் பத்துக் கிராம் சீனி கரைத்த நீர், மூன்றாவதிலே மென்பானம், நான்காவதிலே அதே மென்பானத்தைச் சூடாக்கி வாயுவை அகற்றி ஆறவைத்தது, ஐந்தாவதிலே தேசிக்காய்ப் புளி, ஆறாவதிலே வினாகிரி, ஏழாவதிலே பச்சைப் பப்பாசிக்காயை அரைத்துப் பிழிந்த சாறு. மாட்டிறைச்சியைத் தொடச் சைவப் பிள்ளைகளும் பன்றியிறைச்சியைத் தொட முஸ்லிம் பிள்ளைகளும் தயங்குவராதலால், களுவாஞ்சிகுடிப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் ஒருங்கே செய்யத்தக்கது கோழியிறைச்சியே. ஒரே நெஞ்சுத் தசையிலிருந்து இருபது இருபது கிராமாக வெட்டிய துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் நூறு மில்லிலீற்றர் திரவம், எல்லாவற்றுக்கும் மூடி, எல்லாவற்றுக்கும் ஒரே நிழலிடம். திரவத்தின் அளவு குறைந்தால் இறைச்சியே அமிலத்தைத் தணித்துவிடும் என்பதனால், இந்த அளவிலே பிசகு வரலாகாது. பீ.எச். தாள் இல்லாத பாடசாலையிலே செவ்வரத்தம்பூவை வெந்நீரில் இட்டு எடுத்த சாறு உதவும். அமிலத்திலே சிவந்தும் காரத்திலே பச்சையாகியும் அது காட்டிக்கொடுக்கும். கறுத்த பானத்திலே அந்நிற மாற்றம் புலப்படாதாகையால் நிறமற்ற எலுமிச்சைச் சோடாவைத் தெரிவுசெய்தல் நலம்.

இருபத்துநான்கு மணி நேரத்திலும் நாற்பத்தெட்டு மணி நேரத்திலும் ஒவ்வொரு துண்டையும் வடித்து நிறுத்து, நிறத்தை எழுதி, மென்மையை அளக்கவேண்டும். மென்மையை, "குழைந்திருக்கிறது", "மிகவும் குழைந்திருக்கிறது" என்று வாயாற் சொல்லுதல் அளவாகாது; ஒரு சாக்கு ஊசியின் தலையிலே குறித்த நிறையொன்றைக் கட்டித் துண்டின்மேல் நிறுத்தி, பத்து வினாடியிலே அது எத்தனை மில்லிமீற்றர் இறங்குகின்றது என்று கோலால் அளந்தால், கண்ணின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. முழுவதையும் மூன்று முறை செய்யவேண்டும். அப்போது சீனிநீர் செய்யாததை மென்பானம் செய்ததென்றால் அது அமிலத்தின் தொழில் என்பதும், வாயு நீக்கிய பானமும் அதையே செய்ததென்றால் நுரைக்கு அதிலே பெரும் பங்கில்லை என்பதும், தேசிக்காயும் வினாகிரியும் உடன் நின்றால் அது மென்பானத்துக்கே உரிய விசேட குணமன்று என்பதும், பப்பாசிச் சாறு ஊசியை ஆழ இறக்கினால், புரதத்தை அறுக்கும் நொதியம் அமிலத்தினும் வேறான தொழிலுடையது என்பதும் பிள்ளைகளுக்குத் தாமே தெளியும். இறைச்சி வேகாதவிடத்துப் பப்பாசிக்காய்த் துண்டைக் கறியிலே போடும் வழக்கத்தின் காரணமும் அன்றைக்கே விளங்கிவிடும். செய்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதையும், எதையும் நாவில் வைக்காதிருப்பதையும், மிஞ்சியவற்றை வாவியிலே கொட்டாது மண்ணிலே புதைப்பதையும் ஆசிரியர் கட்டாயமாக்கவேண்டும்.

இரண்டாவது அனுமானத்தையும் இங்கே ஆராய்தல் தகும். மனித இரைப்பையினுள்ளே ஐதரோகுளோரிக் அமிலம் சுரக்கின்றது. உணவில்லாத வேளையிலே அதன் பீ.எச். பெறுமானம் 1.5இற்கும் 3.5இற்கும் இடைப்பட்டது. கோலாவுக்கு நிகரான, சிலவேளை அதனினும் உக்கிரமான அமிலத்தைப் பிறந்த நாள் தொட்டுத் தாங்கிவரும் உறுப்பு அது. சளிப்படலம் அதனை மூடியிருக்கின்றது. அப்படலத்திலே காரத்தன்மையுள்ள இருகாபனேற்று சுரந்து அமிலத்தைத் தணிக்கின்றது. உட்சுவரின் கலங்கள் சில நாட்களுக்கொருமுறை புதிதாகின்றன. போத்தலிலே கிடக்கும் கோழித்துண்டுக்கு இரத்தவோட்டமும் இல்லை, சுரப்பும் இல்லை, புதிதாகும் வல்லமையும் இல்லை. சவத்துக்கு நேர்ந்ததைச் சீவனுக்கும் நேருமென்று கூறுதல் நியாயமன்று. பன்றியிறைச்சிமேல் கோலாவை வார்த்தால் புழுக்கள் வெளியே நெளிந்து வருமென்று பரப்பப்படும் காட்சிகளும் இத்தன்மையனவே. இறைச்சியிலே உண்மையாகத் தங்கக்கூடிய திரிகினெல்லாவின் குடம்பி வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது. அதற்கு மாற்று, நன்றாக வேகவைத்தலே.

ஆனால் மென்பானம் குற்றமற்றதென்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. அதன்மேல் வலிய சாட்சியங்கள் உண்டு. அவை இறைச்சிப் போத்தலிலே இல்லை என்பதுதான் நம் வாதம். கோர்னல் பல்கலைக்கழகத்துப் போசாக்கு விஞ்ஞானி கிளைவ் மெக்கே, புளிப்புப் பானங்கள் எலிகளின் கடைவாய்ப் பற்களை அரிப்பதைச் சோதித்து 1949இலே வெளியிட்டார். அடுத்த ஆண்டு, பிரதிநிதி ஜேம்ஸ் டிலேனி தலைமையிலே உணவிற் கலக்கும் இரசாயனங்களை விசாரித்த அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன்னிலையிலே, கோலாவிலிட்ட மனிதப்பல் இரண்டு நாளிலே மென்மையாகத் தொடங்குமென்று சாட்சியமளித்தார். பல்லை எவரும் இரண்டு நாள் பானத்திலே ஊறவைப்பதில்லை. உமிழ்நீர் கழுவியும் தணித்தும் காக்கின்றது. ஆதலால் அச்சாட்சியத்தையும் அளவறிந்தே கொள்ளவேண்டும். எனினும், வாயின் பீ.எச். பெறுமானம் ஏறக்குறைய 5.5இற்குக் கீழிறங்கும்போது பல்லின் மிளிரி கரையத் தொடங்குகின்றது என்பது நிலைபெற்ற உண்மை. ஒரு போத்தலை மணிக்கணக்காக வாயிலே வைத்து மிடறு மிடறாக உறிஞ்சும் பிள்ளையின் பற்கள், உமிழ்நீர் மீளத் தேறுவதற்குள்ளே அடுத்த மிடற்றை எதிர்கொள்கின்றன. சமைத்த கோழிக்கால் எலும்பொன்றைச் சில நாள் வினாகிரியில் இட்டால், கல்சியம் நீங்கி அது வளையும்; பல்லுக்கு நேரும் ஆபத்தை உணர்த்துதற்கு இறைச்சித் துண்டினும் இதுவே பொருத்தமான சோதனை.

அதனினும் பெரிய குற்றம் சீனி. சீனி குறைக்கப்படாத கோலாவிலே நூறு மில்லிலீற்றருக்குப் பத்துக் கிராமுக்கு மேற்பட்ட சீனி உண்டு. நானூறு மில்லிலீற்றர்ப் போத்தலொன்றைக் குடித்து முடிப்பவன் நாற்பது கிராமுக்கு மேல் விழுங்குகின்றான். உலக சுகாதார நிறுவனம் 2015இலே வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு இருபத்தைந்து கிராமளவில் நிறுத்திக்கொள்ளுதல் மேலதிக நன்மை தரும். இலங்கை அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2016 ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம், நூறு மில்லிலீற்றரிலே 11 கிராமுக்கு மேற்பட்ட சீனியுள்ள பானத்துக்குச் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2இற்குக் குறைந்தால் பச்சை என்று போத்தல்களிலே நிறக்குறி இடுவிக்கப்பட்டது. 2017 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்திலே நிதியமைச்சர் மங்கள சமரவீர ஒரு கிராம் சீனிக்கு ஐம்பது சதம் என்று வரியும் விதித்தார். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் போத்தலைத் திருப்பி அந்த வட்டத்தின் நிறத்தைப் பார்க்கின்றனர்? ஒரு போத்தலின் சீனியைத் தராசிலே நிறுத்துக் கண்ணாடிக் கிண்ணத்திலே கொட்டி, அப்போத்தலின் பக்கத்திலே வைப்பதற்கு ஆய்வுகூடமும் வேண்டா, இறைச்சியும் வேண்டா. அதனை எவராலும் மறுக்கவும் இயலாது. வந்த விருந்தினருக்குச் சோடா உடைத்துக் கொடுப்பதே உபசாரம் என்றாகிவிட்ட நம் வீடுகளுக்கும், மாமாங்கத் தீர்த்தத்தன்று மோர் வார்க்கும் தண்ணீர்ப்பந்தலின் பெருமையை மறந்துவிட்ட நம் கொண்டாட்டங்களுக்கும் அந்தக் கிண்ணம் தக்க பாடஞ் சொல்லும்.

இம்மண்ணிலே விஞ்ஞானத்தையும் தமிழையும் ஒருசேரக் கற்பித்த ஒருவர் வாழ்ந்திருக்கின்றார். காரைதீவிலே 1892இலே பிறந்த விபுலாநந்த அடிகள், கொழும்பிலே விஞ்ஞானம் பயின்று, யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராயிருந்தவர்; மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதருமானவர். மறைந்துபோன யாழ்களின் உருவத்தை மீட்டெடுக்கப் புகுந்தபோதும், புலவர் புகழ்ச்சியை மாத்திரம் நம்பாது, நரம்பின் நீளத்தையும் ஒலியின் அதிர்வையும் கணக்கிட்டே 1947இலே யாழ்நூலை நிறைவேற்றினார். சான்று காட்டிப் பேசுதல், அளந்து காட்டுதல் என்னும் அந்த நெறி அவர் வளர்த்த கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலயத்துக்கு மாத்திரமன்று, இவ்வாவியின் இரு கரைப் பாடசாலைகள் அனைத்துக்கும் உரிய முதுசொம்.

ஆதலால் அதிபர்களிடத்தும் விஞ்ஞான ஆசிரியர்களிடத்தும், கண்காட்சிகளுக்கு நடுவராய் வருகின்ற கல்வி அதிகாரிகளிடத்தும் நம்முடைய விண்ணப்பம் இதுவே: பார்ப்பவரைத் திடுக்கிடச் செய்த மேசைக்குப் பரிசு கொடாதீர்கள், ஒப்புநோக்கும் போத்தலை வைத்த மேசைக்குக் கொடுங்கள். எதிர்பார்த்த முடிவு வராத பிள்ளை, வந்ததை வந்தபடியே குறிப்பேட்டில் எழுதியிருக்குமாயின், அதற்கே முதற் பரிசைக் கொடுங்கள். பெற்றோர்க்குச் சொல்வது இன்னும் சுருக்கமானது: மென்பானத்தைக் குறைத்தற்குச் சீனியும் பல்லும் ஆகிய இரண்டு காரணங்களே போதுமானவை, பிள்ளையைப் பொய்யால் அச்சுறுத்தவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.